"வராது" என்று சொன்ன கூட்டத்தில் பிறந்த ஒளி

(குறுவள மைய அளவில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"லேசர் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்று என்னிடம் சொன்னார்கள். லேசர் எப்படி வேலை செய்கிறது என்பதை நம்மில் பலர் என்னைவிட நன்றாகவே கரும்பலகையில் வரைந்து விளக்குவீர்கள். அதனால் லேசர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த ஓர் அறிவியல் கூட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். நாமும் மாதந்தோறும் கூடுகிறோம். ஒரு கூட்டம் எதற்காகக் கூட வேண்டும், கலைந்து போன பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்.

1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 முதல் 16 வரை அந்தக் கூட்டம் நடந்தது. இடம், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹை வியூ என்னும் ஊரிலிருந்த ஷவாங்கா லாட்ஜ் என்ற விடுதி. கோடை விடுமுறைக்கு மக்கள் போய்த் தங்கும் மலைப்பகுதி அது. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் நிதி கொடுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டவுன்ஸ் பொறுப்பேற்று நடத்தினார். தலைப்பு "குவாண்டம் மின்னணுவியல்". 150-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்த நாள்களிலும் சோவியத் நாட்டிலிருந்து நிகோலாய் பாசோவ், அலெக்சாந்தர் புரோகரோவ் ஆகிய இருவரும் வந்திருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964-இல், டவுன்ஸ், பாசோவ், புரோகரோவ் மூவரும் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தக் கூட்டம் கூடியபோது உலகத்தில் ஒரு லேசர்கூடக் கிடையாது.

கூடியவர்கள் கையில் என்ன இருந்தது?

அவர்களிடம் இருந்தது மேசர். ஒளிக்குப் பதிலாக மைக்ரோ அலையைப் பெருக்கித் தரும் கருவி. இதன் வேர் ஐன்ஸ்டீன் 1917-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. கிளர்ந்த நிலையில் உள்ள அணு, தானாகக் கீழே இறங்கினால் தன்னிச்சை உமிழ்வு. பொருத்தமான ஆற்றல் கொண்ட இன்னொரு ஃபோட்டான் வந்து அதை இறக்கிவிட்டால் தூண்டு உமிழ்வு. தூண்டப்பட்டு வெளிவரும் ஃபோட்டான், தூண்டிய ஃபோட்டானைப் போலவே இருக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 1951-இல் வாஷிங்டனில் ஒரு பூங்கா இருக்கையில் காலை வேளையில் உட்கார்ந்திருந்தபோது டவுன்ஸுக்கு இந்தத் தூண்டு உமிழ்வைக் கருவியாக்கும் வழி தோன்றியது. 1954-இல் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அம்மோனியா மூலக்கூறுகளைக் கொண்டு முதல் மேசரை இயக்கிக் காட்டினார்கள்.

இதையே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும், இன்னின்ன நிபந்தனைகள் வேண்டும் என்று டவுன்ஸும் ஆர்தர் ஷாலோவும் 1958 டிசம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பிறகு பல ஆய்வகங்கள் போட்டியில் இறங்கின. ஆனாலும் ஷவாங்கா கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை மேசர் பற்றியவையே. ஒளி மேசரைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த அலி ஜாவன் வாயுக்களில் மின்னிறக்கம் மூலம் இதைச் செய்யலாம் என்ற தன் திட்டத்தை விளக்கினார். அது அப்போது முடியாத வேலை. "இதுவரை இவ்வளவு, இனி இது பாக்கி" என்று முடியாத வேலையை மேடையில் வைப்பது அந்தக் கூட்டத்தில் இயல்பாக இருந்தது. இதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரூபி பற்றி ஷாலோ சொன்னது

ஷாலோ திண்மப் பொருள்களைப் பற்றிப் பேசினார். அதில் ரூபி வந்தது. ரூபி என்பது அலுமினியம் ஆக்சைடு படிகம். அதில் சிறிதளவு குரோமியம் கலந்திருப்பதால் அதற்கு இளஞ்சிவப்பு நிறம். குரோமியம் அயனிகள் பச்சை, ஊதா ஒளியை உட்கவர்ந்து மேலே போகும். அங்கிருந்து சட்டென்று ஒரு சிற்றுறுதி நிலைக்கு இறங்கி, சில மில்லி நொடிகள் தங்கி, பிறகு சிவப்பு ஒளியை உமிழ்ந்து அடிநிலைக்கு வரும்.

இந்தச் சிவப்பு ஒளியைக் கொண்டு லேசர் செய்வது சரிவராது என்பது ஷாலோவின் கருத்து. காரணமும் சொன்னார். இந்தக் காரணத்தை நம் வகுப்பில் பிள்ளைகளை வைத்தே நடித்துக் காட்டலாம்.

நாற்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தரைதான் அடிநிலை. சிற்றுறுதி நிலைக்கு ஒரு பெஞ்சு. லேசர் வேலை செய்ய வேண்டுமானால் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைவிட அதிகமாக வேண்டும். பாடநூல் இதைத் தொகை ஏற்றம் என்று சொல்கிறது. ரூபியில் ஒளி உமிழ்ந்து வந்து சேரும் இடமே தரைதான். ஆகவே குறைந்தது இருபத்தொரு பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றியாக வேண்டும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். இப்போது தரைக்கு மேலே இரண்டு பெஞ்சுகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. உமிழ்வு உயர்ந்த பெஞ்சிலிருந்து குட்டைப் பெஞ்சுக்கு நடக்கிறது. குட்டைப் பெஞ்சு முதலிலிருந்தே காலி. அப்படியானால் இரண்டு மூன்று பிள்ளைகள் உயர்ந்த பெஞ்சில் ஏறினாலே போதும், தொகை ஏற்றம் வந்துவிடும். முதலாவது மூன்று நிலை முறை, இரண்டாவது நான்கு நிலை முறை. "எளிய வழி இருக்கும்போது பாதிக்கு மேல் தூக்கி ஏற்ற வேண்டிய பொருளை ஏன் எடுக்க வேண்டும்?" என்பதே ஷாலோவின் வாதம்.

இதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. இன்றும் லேசர் பொறியாளர்கள் நான்கு நிலைப் பொருள்களையே பெரிதும் விரும்புகிறார்கள். அதோடு, ரூபியின் ஒளிர்தல் திறன் மிகக் குறைவு, ஏறக்குறைய 1 விழுக்காடுதான் என்று வேறோர் ஆய்வாளரின் அளவீடும் அந்த ஆண்டில் வெளியாகியிருந்தது. நூறு அணுக்கள் மேலே போனால் ஒன்றுதான் ஒளி தரும் என்று பொருள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ரூபியைக் கைவிட்டார்கள்.

கூட்டத்திலிருந்து போய் அளந்தவர்

கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் தியோடர் மைமன். வயது 32. கலிபோர்னியாவில் இருந்த ஹியூஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ரூபியை வைத்துச் சிறிய மேசர் செய்த அனுபவம் அவருக்கு உண்டு. அந்தப் படிகத்தின் குணம் அவருக்குக் கைப்பழக்கம்.

"99 விழுக்காடு ஆற்றல் எங்கே போகிறது?" என்பது மைமனின் கேள்வி. ரூபியே வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு அப்போது இல்லை. இழப்பு எங்கே ஏற்படுகிறது என்று தெரிந்தால், அந்தக் குறை இல்லாத வேறு பொருளைத் தேடலாம் என்று நினைத்தார். அதற்காக ஒவ்வொரு படியாக அளந்தார். உட்கவர்ந்தது எவ்வளவு, சிற்றுறுதி நிலைக்கு வந்தது எவ்வளவு, ஒளியாக வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கெடுத்தார். அவர் தேடிய இழப்பு அங்கே இல்லை. ஒளிர்தல் திறன் ஏறக்குறைய 75 விழுக்காடு என்று வந்தது. பழைய அளவீடு பிழை.

இப்போது ஷாலோ சொன்ன ஒரு தடைதான் மிச்சம். பாதிக்கு மேற்பட்ட அணுக்களை ஏற்ற வேண்டும். மைமன் அதை மறுக்கவில்லை. எவ்வளவு ஒளி வேண்டும் என்று கணக்குப் போட்டார். தொடர்ந்து எரியும் விளக்குகளால் அது கடினம். ஆனால் ஏன் தொடர்ந்து எரிய வேண்டும்? புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ஃபிளாஷ் விளக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் பெரும் ஒளியைக் கொட்டுகிறதே! கடையில் விற்கும் சுருள் வடிவ ஃபிளாஷ் விளக்கு ஒன்றை வாங்கினார். சுருளின் நடுவே விரல் நுனி அளவுள்ள ரூபித் தண்டை வைத்தார். தண்டின் இரு முனைகளிலும் வெள்ளிப் பூச்சு. 1960 மே 16 அன்று விளக்கின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தியபோது, ஒரு கட்டத்தில் 694.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளி திடீரென ஓங்கியது. உலகின் முதல் லேசர் அதுதான். ஷவாங்கா கூட்டம் முடிந்து சரியாக எட்டு மாதம்.

அதற்குப் பிறகும் பாதை எளிதாக இல்லை. அமெரிக்காவின் முன்னணி இயற்பியல் இதழ் ஒன்று அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அது 1960 ஆகஸ்ட் 6 அன்று "நேச்சர்" இதழில் வெளிவந்தது. நம் மாணவர் எழுதும் ஐந்து மதிப்பெண் விடையைவிடச் சற்றே நீளமான கட்டுரை அது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, ஷவாங்காவில் முடியாத வேலையாக மேடையில் வைத்த அலி ஜாவன், தன் துணைவர்களுடன் ஹீலியம்-நியான் வாயு லேசரை இயக்கிக் காட்டினார். அது தொடர்ந்து ஒளிரும் லேசர்.

ஷாலோ தோற்றாரா?

இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். "பெரியவர் முடியாது என்றார், சிறியவர் செய்து காட்டினார்" என்று சொன்னால் திரைப்படக் கதை ஆகிவிடும். உண்மை அதைவிட நுட்பமானது. ஷாலோ வெறுமனே "வராது" என்று சொல்லியிருந்தால் மைமனுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைத்திருக்காது. "பாதிக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், அதனால் வராது" என்று அவர் சொன்னார். அந்த "அதனால்" என்ற சொல்தான் மைமன் கடக்க வேண்டிய உயரம் எவ்வளவு என்று காட்டியது. காரணத்தோடு சொல்லும் மறுப்பு அடுத்தவருக்கு வழித்துணை.

மைமனின் செய்தி வந்த பிறகு ஷாலோ முகம் திருப்பிக்கொள்ளவுமில்லை. சில மாதங்களிலேயே அவரும் பெல் ஆய்வகக் குழுவினரும் ரூபி லேசரைத் தாங்களே செய்து, அதன் ஒளியின் தன்மைகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். 1981-இல் லேசர் நிறமாலையியலுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் நல்ல ஆசிரியரும்கூட. கண்ணாடி போன்ற பலூனுக்குள் கருநிறப் பலூன் ஒன்றை ஊதி வைத்து, ரூபி லேசரை அடிப்பார். வெளிப்பலூனுக்கு ஒன்றும் ஆகாது, உள்பலூன் மட்டும் வெடிக்கும். எந்த நிறம் ஒளியை உட்கவர்கிறதோ அதுதான் சூடாகும் என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? கண்ணின் விழித்திரையில் லேசர் சிகிச்சை செய்யும்போது முன்புறம் உள்ள தெளிவான பகுதிகள் ஏன் சேதமடைவதில்லை என்பதை இந்தப் பலூனை வைத்தே விளக்கலாம்.

சென்னையில் படித்த ஒருவர்

அடுத்த ஆண்டு இன்னொரு மரபு தொடங்கியது. 1960 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒளியின் ஓரியல்பு பற்றி ஒரு மாநாடு கூடியது. அதன் பின் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து கூடுகிறது. லேசர் ஒளிக்கும் குண்டு விளக்கின் ஒளிக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு என்ற கேள்வியிலிருந்து குவாண்டம் ஒளியியல் என்ற துறையே வளர்ந்தது.

அந்த ரோச்செஸ்டரில் பணியாற்றியவர் இ.சி.ஜி. சுதர்சன். கேரளத்தில் பிறந்தவர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். ஒளியின் குவாண்டம் நிலைகளை விவரிக்கும் முக்கியமான கணித முறை ஒன்றை 1963-இல் வெளியிட்டார். அது இன்று சுதர்சன், கிளாபர் இருவர் பெயராலும் வழங்குகிறது. 2005-இல் நோபல் பரிசின் ஒரு பாதி ராய் கிளாபருக்குக் கிடைத்தது. சுதர்சன் பெயர் அதில் இல்லை. தன் பங்களிப்பு விடுபட்டதாக அவர் நோபல் குழுவுக்கு எழுதினார், அறிவியலாளர்கள் பலரும் அதைப் பேசினார்கள். 1980-களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் இருந்தார். தாம்பரம் வழியாக மின்சார ரயிலில் போகும் நம் பிள்ளைகளுக்கு, இந்த ஊரில் படித்த ஒருவர் பெயரை உலகமே ஒளியியல் பாடத்தில் சொல்கிறது என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

நம் வகுப்பறைக்கு வருவோம்

முதல் லேசர் வந்தபோது, சிக்கலைத் தேடி அலையும் தீர்வு என்று மைமனின் உதவியாளரே வேடிக்கையாகச் சொன்னாராம். இன்று கடையில் பட்டைக் குறியீட்டைப் படிப்பதும் லேசர், நம் கைப்பேசிக்கு இணையம் வரும் கண்ணாடி இழையில் ஓடுவதும் லேசர். 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலையை முதன்முதலில் உணர்ந்த லைகோ கருவியில், 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கரங்களில் ஓடியதும் லேசர்தான். ஷவாங்கா கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து சரியாக 56 ஆண்டுகள்.

குறைந்த விலையில் கிடைக்கும் சிவப்பு லேசர் சுட்டியைக் கொண்டு நாம் என்ன செய்யலாம்? ஒன்பதாம் வகுப்பில் நான் செய்ததைச் சொல்கிறேன். தலைமுடி ஒன்றை அட்டைச் சட்டத்தில் நேராக ஒட்டி, அதன்மீது லேசரைப் படவைத்தால், 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வெளிச்சமும் இருளுமாக வரிசை தெரியும். நடுப்புள்ளியிலிருந்து முதல் இருள் எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். அலைநீளத்தைச் சுவர் தூரத்தால் பெருக்கி, இந்தத் தூரத்தால் வகுத்தால் முடியின் தடிமன். சுட்டியின் மேல் 630 முதல் 680 நானோமீட்டர் என்று ஒட்டியிருந்தது. நாங்கள் 650 என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு குழுவுக்கு 1.9 செ.மீ. வந்தது. தடிமன் ஏறக்குறைய 68 மைக்ரோமீட்டர். இன்னொரு குழுவுக்கு 1.5 செ.மீ. தடிமன் ஏறக்குறைய 87. "யாருது சார் தப்பு?" என்று வகுப்பே கேட்டது. ஒரு மாணவி மட்டும், "சட்டத்தை மாத்திக்கிட்டு அளந்து பார்க்கலாம் சார்" என்றாள். மாற்றி அளந்தார்கள். எண்கள் குழுவோடு போகவில்லை, முடியோடு போயின. தப்பு யாருடையதும் இல்லை, முடிகள்தான் வேறு. மைமன் செய்ததும் இதே வேலைதான். ஒரு எண்ணை நம்புவதற்கு முன் அதை மீண்டும் அளந்து பார்ப்பது.

இதைச் செய்யும்போது பாதுகாப்பு முக்கியம். சுட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் மேசையில் அசையாமல் கட்டிவைக்க வேண்டும். கண் உயரத்தில் கற்றை போகக் கூடாது. கற்றையை நேராகவோ, கண்ணாடி போன்ற பரப்பில் பட்டுத் திரும்பும்போதோ பார்க்கக் கூடாது. அதிகத் திறன் கொண்ட பச்சை, நீலச் சுட்டிகளை வகுப்பில் எடுக்கவே வேண்டாம்.

நம் கூட்டத்திற்கு மூன்று வேண்டுகோள்

நிறைவாக, நமக்குள் ஒரு பேச்சு. நம் கூட்டங்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கருத்தாளர் உரை, தேநீர், படிவம் நிரப்புதல் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் "இந்தப் பாடத்தில் எனக்கு இந்த இடம் புரியவில்லை" என்று யாரும் எழுந்து சொல்வதில்லை. சொன்னால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். புரியாத அந்த இடம் அப்படியே வகுப்பறைக்குப் போகிறது, அங்கே நாற்பது பிள்ளைகளுக்கும் புரியாமல் போகிறது. இதில் இழப்பு நமக்கில்லை, அவர்களுக்கு.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் முடியாத வேலை ஒன்றைக் கொண்டு வருவோம். சரியாக வராத சோதனை, விடை தெரியாத மாணவர் கேள்வி, எதுவானாலும் சரி. இரண்டு, "இது நம் பிள்ளைகளுக்கு வராது" என்று யாராவது சொன்னால், "எதனால்?" என்று மரியாதையோடு கேட்போம். உபகரணம் இல்லையா, நேரம் இல்லையா, முன்னறிவு இல்லையா? காரணம் தெரிந்தால் கடக்க வேண்டிய உயரம் தெரியும். மூன்று, கேட்டதை அப்படியே எடுத்துப்போகாமல், நம் வகுப்பில் செய்து, அளந்து, என்ன வந்தது என்று அடுத்த மாதம் வந்து சொல்வோம். வரவில்லை என்றாலும் சொல்வோம்.

அந்தக் கூட்டத்தில் சொன்னவரும் கேட்டவரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். நம் அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி என்னுடையதாக இருக்கட்டும். மூன்று நிலை முறைக்குப் பெஞ்சு வைத்து நடிக்கலாம் என்றேன் அல்லவா? அந்தப் பிள்ளைகளை வைத்தே, தூண்டு உமிழ்வில் வரும் ஃபோட்டான் ஏன் அதே திசையில் போகிறது என்பதை எட்டாம் வகுப்புக்குப் புரியும்படி எப்படிக் காட்டுவது? எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. யோசித்து வாருங்கள்.